எருமைப் பாலைப் பவுடராக்கிய கதை

குஜராத் மாநிலத்தில் ஆனந்த் என்று ஓர் ஊர். இப்போது அது தனி மாவட்டத்தின் தலைநகர். முன்பு கேடா மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து விவசாயிகள் எருமை வளர்ப்பவர்கள். வீட்டுக்கு ஒன்று, இரண்டு எருமைதான் இருக்கும். பால் விற்ற காசில்தான் உப்பு, புளி, பிள்ளைகளின் துணிமணி எல்லாம்.

தரகர்கள் பாலுக்கு நியாயமான விலை தரவில்லை. அதனால் 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி விவசாயிகள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். திரிபுவன்தாஸ் படேல் அதற்குத் தலைவர். பிற்பாடு 'அமுல்' என்று பெயர் பெற்றது இந்தச் சங்கம்தான்.

சங்கம் பாலைச் சேர்த்துப் பம்பாய்க்கு அனுப்பியது. பம்பாய் அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல். சங்கம் வளர்ந்தது. கூடவே ஒரு சிக்கலும் வளர்ந்தது.

எருமை ஆண்டு முழுவதும் ஒரே அளவாகக் கறப்பதில்லை. குளிர்காலத்தில் நிறையக் கறக்கும். கோடையில் பாதிகூட இருக்காது. பால் நிறைய வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பம்பாய்க்காரர்கள் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு மடங்கு பால் குடிப்பார்களா? மிஞ்சிய பாலை அவர்கள் வாங்கவில்லை. சங்கமும், "இன்றைக்குப் பால் வேண்டாம்" என்று சொல்லவேண்டி வந்தது. விவசாயி என்ன செய்வார்? கறக்காமல் விட்டால் எருமையின் மடி கட்டிக்கொள்ளும். கறந்தால் பால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். மறுபடியும் தரகரிடமே போய் நிற்க வேண்டியதுதான்.

மிஞ்சும் பாலைக் கெடாமல் வைக்க ஒரு வழி இருந்தது. அதைப் பவுடராக்க வேண்டும். பவுடர் மாதக் கணக்கில் கெடாது. ஆனால் வெளிநாட்டு நிபுணர்கள் தலையை ஆட்டினார்கள். "பசும்பாலில்தான் பவுடர் வரும். எருமைப் பாலில் வராது" என்றார்கள். அவர்கள் நாட்டில் எருமைப் பால் கிடையாது. அவர்கள் செய்து பார்த்ததும் கிடையாது.

எருமைப் பால் ஏன் முரண்டு பிடிக்கிறது?

எருமைப் பால் கெட்டியானது. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு இருந்தால், எருமைப் பாலில் 6, 7 பங்கு இருக்கும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். குடிக்கிறவருக்கு இது நல்லது. காய்ச்சிச் சுண்ட வைக்கிறவருக்கு இதுதான் தொல்லை. சுண்டச் சுண்ட, அதிகச் சூட்டில் புரதம் கட்டி கட்டியாகிவிடும். திரட்டுப்பால் கிண்டியவர்களுக்கு இது தெரியும். கை நின்றால் அடிப்பிடிக்கும். திரட்டுப்பாலில் கட்டி இருந்தால் ருசிதான். பவுடரில் கட்டி இருந்தால் தண்ணீரில் கரையாது.

ஆனந்தில் இரண்டு பொறியாளர்கள் இருந்தார்கள். ஒருவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். 1949-இல் ஆனந்துக்கு வந்தார். இன்னொருவர் எச்.எம். தலாயா. பால் தொழில் நுட்பம் படித்தவர். பெயர் அதிகம் வெளியே தெரியாது. ஆனால் எருமைப் பாலில் பவுடர் வரும் என்று சொன்னவர் அவர்தான். சொன்னதோடு நிற்கவில்லை. முதலில் சிறிய அளவில் செய்து காட்டினார்.

பிறகு பெரிய ஆலைக்கு வேலை தொடங்கியது. யுனிசெப் என்ற ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் அமைப்பு இயந்திரம் கொடுத்து உதவியது. அதற்குப் பதிலாக ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகப் பால் தரவேண்டும் என்பது ஏற்பாடு. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி பிரதமர் நேரு ஆலையைத் திறந்து வைத்தார். எருமைப் பாலில் பவுடர் செய்த உலகின் முதல் ஆலை என்று இதைச் சொல்வார்கள்.

சிறிய பானையும் பெரிய ஆலையும்

சிறிதாகச் செய்தது பெரிதாகவும் வருமா? இது எல்லா ஆலைக்கும் உள்ள கேள்வி. நான்கு பேருக்குச் சமைக்கிற அளவை நூறால் பெருக்கினால் கல்யாணச் சாப்பாடு வந்துவிடாது. அடுப்பு மாறும். அண்டா மாறும். வேகும் நேரமும் மாறும். சாமான் கணக்கு போட்டுக் கொடுக்கத் தெரிந்த சமையல்காரர் வேண்டும். ஆலையில் அந்தக் கணக்கைப் போடுகிறவர் பொறியாளர். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்கிறார். குழாயின் நீளம்கூட அந்தக் கணக்குப்படிதான்.

பவுடர் ஆலைகளில் நடக்கும் முறை இதுதான்.

முதலில் பாலைச் சோதிக்கிறார்கள். புளித்த பாலைச் சேர்ப்பதில்லை. ஒரு கேன் புளித்த பால் ஒரு தொட்டிப் பாலையே திரித்துவிடும். பிறகு, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் கொழுப்பைப் பிரிக்கிறார்கள். கொழுப்பு வெண்ணெயாகப் போகும். மிஞ்சுவது கொழுப்பு நீக்கிய பால்.

அடுத்தது கிருமியைக் கொல்வது. காசநோய்க் கிருமிகூடப் பாலில் இருக்கலாம். பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே 15 விநாடி வைத்தால் போதும். கொதிக்க வேண்டியதில்லை. சூடான பால் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. இந்த முனையில் நுழைந்து அந்த முனையை அடைய 15 விநாடி ஆகும்படி குழாயின் நீளத்தை வைத்திருப்பார்கள்.

சூடு குறைந்துவிட்டால் என்ன ஆகும்? பார்ப்பதற்குப் பால் அதே பால்தான். கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதனால் குழாயின் முடிவில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு வால்வு இருக்கிறது. சூடு 72-க்குக் கீழே இறங்கினால் வால்வு தானாகத் திரும்பும். பால் முன்னே போகாது. வந்த வழிக்கே போய் மறுபடியும் சூடாகும். யாரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அந்த வால்வு பழுதானால், எத்தனையோ வீடுகளுக்குப் பச்சைப் பால் போய்விடும். பால் குடிக்கும் குழந்தைக்கும் நோய்க்கும் நடுவே இருப்பது அந்தச் சின்ன வால்வு. அதனால் அதை மட்டும் நம்புவதில்லை. சோதனைச் சாலையிலும் பார்க்கிறார்கள். பச்சைப் பாலில் ஒரு பொருள் உண்டு. சரியான சூடு பட்டால் அது அழிந்துவிடும். பாலில் ஒரு மருந்தை விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். மஞ்சள் வந்தால் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது, சூடு போதவில்லை என்று அர்த்தம்.

குறைந்த சூட்டில் கொதிக்க வைப்பது

இப்போது பாலைச் சுண்ட வைக்க வேண்டும். ஆனால் அதிகச் சூடு கூடாது. கட்டியாகிவிடும். என்ன செய்வது?

இமயமலையில் லே என்ற ஊர் இருக்கிறது. மிகவும் உயரமான இடம். அங்கே காற்று அழுத்தம் குறைவு. தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பானையில் பருப்பு சீக்கிரம் வேகாது. சமைக்கிறவருக்குத் தொல்லையான இந்தக் குணம் பால் ஆலைக்கு உதவுகிறது. மூடிய பாத்திரத்திலிருந்து பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பால் 60, 70 டிகிரியிலேயே கொதிக்கிறது. தண்ணீர் ஆவியாகப் போகிறது. பால் கெட்டியாகிறது. புரதம் கட்டியாவதில்லை. அடிப்பிடிப்பதும் இல்லை.

கடைசியில் உலர்த்துவது. கூடம் போல உயரமான ஓர் இரும்பு அறை. அதன் உச்சியிலிருந்து கெட்டிப் பாலைப் பூச்சிமருந்து அடிப்பது போலத் தெளிக்கிறார்கள். துளிகள் தலைமுடியின் கனம்தான் இருக்கும். ஒரு லிட்டர் பாலை அப்படித் துளிகளாக்கினால், அத்தனை துளிகளின் மேற்பரப்பும் சேர்ந்து ஏறக்குறைய 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு அளவு வரும். சுருட்டிப் போட்ட ஈரத்துணி காய நாள் ஆகும். விரித்துப் போட்டால் உடனே காயும். அதே கதைதான்.

அறைக்குள் 180 டிகிரி சூட்டுக் காற்று வீசுகிறது. பால் கருகாதா? கருகாது. ஈரம் ஆவியாகும்போது துளி குளிர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் கோடையில் குளிர்ந்திருப்பதும் இப்படித்தான். ஈரம் போவதற்கும் துளி கீழே விழுவதற்கும் சில விநாடிதான். அதற்குள் அது பவுடர். அறை உயரம் குறைந்தால் துளி ஈரமாகவே சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் கட்டுப்பாடு மிக முக்கியம். வெளியே வரும் காற்றின் சூட்டை இடைவிடாமல் அளக்கிறார்கள். சுமார் 90 டிகிரி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 80-க்கு இறங்கினால், பால் அதிகமாகத் தெளிக்கிறது என்று பொருள். பவுடரில் ஈரம் தங்கும். மூட்டையில் கட்டிதட்டிக் கெட்டுப்போகும். அப்போது பம்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். 100-க்கு ஏறினால், பால் போதவில்லை. பவுடர் தீய்ந்து பழுப்பாகும். சுவரில் படிந்த பவுடர் தீப்பிடிக்கவும் கூடும். அப்போது பம்பின் வேகத்தைக் கூட்ட வேண்டும். பால் பொங்கி வரும்போது வீட்டில் தீயைத் தணிக்கிறோமே, அதே வேலைதான். அளப்பது, இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிடுவது, வித்தியாசத்தைச் சரிசெய்வது. முன்பு ஆட்கள் முள்ளைப் பார்த்து, கையால் திருகி, மணிக்கு மணி நோட்டில் எழுதி வைத்தார்கள். இன்று பெரிய ஆலைகளில் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆனாலும் ஓர் ஆள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். தெர்மாமீட்டரே பொய் சொன்னால் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

100 லிட்டர் கொழுப்பு நீக்கிய பாலில் சுமார் 9 கிலோ பவுடர் கிடைக்கும். அதில் ஈரம் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கோடையில் பால் குறையும்போது அந்தப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, எடுத்து வைத்த கொழுப்பை அளவோடு சேர்த்தால் மறுபடியும் பால்.

குளிர்காலத்தில் பாலைத் திருப்பி அனுப்பும் அவசியம் அதன் பிறகு சங்கத்துக்கு இல்லை. விவசாயி காலையிலும் மாலையிலும் பால் ஊற்றினார். லிட்டர் எத்தனை, கொழுப்பு எவ்வளவு, பணம் எவ்வளவு என்று அவருடைய பால் கணக்குப் புத்தகத்தில் ஏறியது.