கணுக்காற் சுளுக்கும் அதன் பின்விளைவும்

விளையாட்டு வெளியிற் கால் புரண்டு விழுந்த மாணவனைப் பார்த்து, "எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான்" என்று சொல்லி ஆறுதலடைவது நம்மவர் வழக்கம். பலர்க்கு அவ்வாறுதலே பின்வருந் துன்பத்திற்கு வித்தாகின்றது. இதனை எழுதுவோனும் மாணவப் பருவத்திற் பந்தாட்டத்தில் அவ்வாறு விழுந்து, பத்து நாள் கட்டுடனிருந்து, வீக்கம் வடிந்தவுடனே ஆடச் சென்றவன். அதன்பின் ஆண்டுகள் பல சென்றும், மேடுபள்ளமான வழியில் அக்கால் திடீரெனப் புரளும். மாடிப்படி இறங்குங்காற் கை தானாகவே கைப்பிடியைத் தேடும்.

கணைக்கால் எலும்புகள் இரண்டன் கீழ்முனைகளும் ஒரு கவைபோல் நிற்க, பாதத்தின் மேலெலும்பு அக்கவைக்குட் பொருந்தியுள்ளது. புறப்பக்கத்தே அதனைப் பிணைப்பன மூன்று நார்கள். பாதம் உட்புறம் மடங்குங்கால் அவற்றுள் முன்புறத்து மெல்லிய நாரே பெரும்பாலும் முதலிற் கிழிகின்றது. கிழிந்த நார் தானே கூடும்; ஆயினும் சிலர்க்கு நீண்டு தளர்ந்து கூடுகின்றது.

அத்தளர்ச்சி ஒன்றே காரணமாயின், நார் உறுதியாயுள்ள சிலர்க்கும் கால் புரள்வானேன்? இவ்வினாவிற்கு 1965-ஆம் ஆண்டில் ஃப்ரீமன் என்னும் ஆங்கில மருத்துவரும் அவர்தம் துணைவரும் ஒரு விடை கூறினர். நார் வெறுங் கயிறன்று. மூட்டு எப்பக்கஞ் சாய்கின்றது என்பதை அறிவிக்கும் நுண்ணிய நரம்பு முனைகள் அதனுள் உள்ளன. நார் கிழிய அவையுஞ் சிதைகின்றன. செய்தி தாமதிக்கவே, பாதத்தை வெளிப்புறம் இழுத்துக் காக்க வேண்டிய தசைகளும் தாமதித்தே எழுகின்றன. இத்தகையோர் ஊறுபட்ட காலால் மட்டும் தள்ளாடாது நிற்க இயலாமையையும், ஆடும் பலகைமேல் நின்று பழகியோர்க்கு அக்குறை தணிந்ததையும் அவர்கள் கண்டனர். மூளை தசைகளை ஆளும் முறையும் மாறுகின்றது எனப் பிற்காலத்தார் இக்கொள்கையை விரித்துத் திருத்தினர். பயிற்சியின் பயனோ பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது.

ஆகவே வீக்கம் வடிதல் வேறு, கால் தேறுதல் வேறு. சுவரருகே ஒற்றைக் காலில் நின்று, பின் கண்ணை மூடிப் பாருங்கள். இரு காலுக்கும் உள்ள வேற்றுமை அப்போதே விளங்கும். தரையிற் பழகியபின் மடித்த கம்பளிமேல் நிற்றல், குதிகாலை உயர்த்தித் தாழ்த்தல், ரப்பர்ப் பட்டையைப் பாதத்தின் வெளிப்புறத்தால் இழுத்தல் ஆகியவற்றை வாரக்கணக்கில் விடாது செய்தல் வேண்டும். ஓட்டமும் குதித்தலும் அதன் பின்னரே. புதுச்சுளுக்கை வலிந்து இழுத்து 'எடுக்கும்' கைகளிடம் காலைக் கொடுத்தல் தீது. அரைகுறையாய்க் கிழிந்தது முற்றுங் கிழியக்கூடும்.

ஓயாத வலியை மட்டும் இப்பயிற்சிக்கு விட்டுவிடலாகாது. மூட்டின் குருத்தெலும்பு பெயர்ந்திருத்தலும், புறக்கணுவின் பின்னோடும் தசைநாண் கிழிந்திருத்தலும் உண்டு. மருத்துவர் ஆராய்ந்தே அறிய வேண்டும். மாதக்கணக்கிற் பயின்றும் தேறாதார்க்கு, தளர்ந்த நாரைச் சுருக்கித் தைக்கும் முறையொன்றைச் சுவீடன் நாட்டு புரோஸ்ட்ரம் 1966-இல் வெளியிட்டார். சிற்சில மாற்றங்களுடன் அது இன்றும் கையாளப்படுகின்றது.

இதனை எழுதுவோன் நாற்பது கடந்த பின்னரே ஒற்றைக்கால் நிலையைத் தொடங்கினான். முதல்நாட் பத்து எண்ணுமுன் சுவரைப் பற்ற நேர்ந்தது, வீட்டார் நகைத்தனர். மூன்று திங்கள் கழித்து ஒரு மாலை, இரு கையிலும் புத்தகங்களோடு மாடியினின்று இறங்கி வந்தபோது, கைப்பிடியைத் தொடாமலே வந்ததை அவர்களே முதலிற் கண்டு கூறினர்.