விலை இறங்கிய பின் திருப்பலாமா?

2025 செப்டம்பர் 22-இல் குளியல் சோப்புக்கட்டி, தலையெண்ணெய் மீதான சரக்கு சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கிற்று. வரி நீங்கலாக 100 ரூபாய்ச் சரக்கு 118-இலிருந்து 105 ஆயிற்று. முன்தினம் வாங்கிப் பிரிக்காது வைத்ததை ஆஸ்டின் டவுன் கடையில் நாம் திருப்பலாமா?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதுள்ள சரக்கைத் திரும்பப் பெற மறுப்பதையே முறையற்ற வாணிபம் என்கிறது, விலையிறக்கத்தைச் சொல்லவில்லை. ரசீதில் கடைக்காரர் வாக்களித்திருப்பின் உரிமையோடு கேட்கலாம். இல்லையேல், கேட்பது பிழையன்று, வற்புறுத்துவதே பிழை. வரிப் பதிவில்லாச் சிறுகடைக்காரரும் பழைய வரி கொடுத்தே கொள்முதல் செய்தவர். நஷ்டம் அவர் தலையில் விழும்.

“பழுது” என்று பொய்யுரைத்து மீட்பின், 13 ரூபாய்க்காகக் கொடாததைக் கொள்ளாமை, பொய்யாமை என்னும் இரு சீலங்களையும் இழப்போம். ஆதலின் உள்ளதைச் சொல்லிக் கேட்போம். மறுத்தால் மனத்தாங்கலின்றித் திரும்புவோம்.