படைத்தளத்தில் இறங்கும் தனி விமானிகள்

பல்லடம், சோமனூர்ப் பக்கங்களில் விசைத்தறிகளின் இடையறா ஒலியையும் விஞ்சி வானத்தே ஒரு முழக்கம் எழுமாயின், அது சூலூர்ப் படைத்தளத்து விமானமே எனச் சிறுவரும் சொல்லுவர். திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இடையே, காங்கேயம்பாளையத்தை அடுத்துள்ள இத்தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. 1945-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படையின் விமானப் பிரிவு இதனைத் தன் நிலையமாகக் கொண்டிருந்தது. நம் நாட்டிலேயே அமைக்கப்பெற்ற தேஜஸ் போர்விமானங்களின் 45-ஆம் அணி 2018-இல் இங்கு வந்தது. 2024 ஆகஸ்டுத் திங்களில் நடைபெற்ற 'தரங் சக்தி' என்னும் கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளின் போர்விமானங்களும் விருந்தினராய் வந்து இறங்கின.

அயல்நாட்டுப் படையினர் இறங்கும் இத்தகைய தளத்திலே, படையைச் சாராத ஒருவர் தம் சிறு விமானத்தோடு இறங்கலாகுமோ? ஊதியத்துக்கன்றித் தம் விருப்பம் பற்றியே விமானம் செலுத்த உரிமம் பெற்றவரைத் தனி விமானி என்பர். அவருக்குப் படைத்தளத்தின் ஓடுபாதை பொதுவாக அடைத்த கதவேயாம். ஆயினும் அமெரிக்க நாட்டில் விமானப் படைத்தளங்கள் சில, ஒரு நாளைக் குறித்துச் சுற்றுவட்டாரத்துத் தனி விமானிகளைத் தம் விமானங்களிலேயே வருமாறு அழைப்பதுண்டு. இக்கூட்டத்தை 'பிளை-இன்' என்பர். படையினர் இங்ஙனம் அழைப்பது எதன் பொருட்டு என்பதையும், அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அதன் முறையை நோக்குவோம். படைத்தளத்தில் இறங்க விரும்புவோர் முன்னதாகவே விண்ணப்பித்தல் வேண்டும். இறங்குவதற்கு அனுமதி, காப்புறுதிச் சான்று, நேரும் இழப்புக்கு அரசைப் பொறுப்பாக்குவதில்லை என்னும் உறுதிமொழி ஆகிய மூன்று பத்திரங்கள் இதற்கென உள்ளன. அழைப்பு நாளில் விமானி, தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தாரோடு வானொலி வழியே பேசி, அவர் காட்டிய வழியே வந்து இறங்குவர். போர்விமானங்களைக் காண்பது அவருக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அந்நாளின் உயிர்நாடி, படை விமானிகள் நிகழ்த்தும் விரிவுரையாகும். தம் விமானங்கள் எத்திசையில், எவ்வுயரத்தில், எவ்வேகத்தில் பறக்கின்றன என்பதை அவர்கள் வரைபடத்தில் விளக்குவர்; தாழப் பறந்து பயிலும் வழிகளையும் சுட்டிக் காட்டுவர். வானில் மோதல் நேராது காத்தலே இவை அனைத்தின் நோக்கம்.

இந்நோக்கத்தின் அருமை ஒரு சிறு கணக்கால் விளங்கும். போர்விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்திலும், சிறு விமானம் 190 கிலோமீட்டர் வேகத்திலும் எதிரெதிரே வருவதாகக் கொள்வோம். இரண்டும் வினாடிக்கு ஏறக்குறைய 283 மீட்டர் நெருங்குகின்றன. எதிரே வருவதைக் கண்டு, இன்னதென உணர்ந்து, விலகத் துணிந்து, விமானம் திரும்பும் வரையில் 12.5 வினாடி கழியும் என்பது அமெரிக்க விமானத் துறையார் கணக்கு. அதற்குள் மூன்றரைக் கிலோமீட்டர் தூரம் கரைந்துவிடும். அத்தொலைவில் விமானம் கண்ணுக்கு ஒரு புள்ளியே. அன்றியும், மோதும் வழியில் வருவது கண்ணாடியில் இடம் பெயராது நின்ற இடத்தே நிற்பதாய்த் தோன்றும். அசைவதையே எளிதிற் காணும் மனிதக் கண் அதனைத் தவறவிடும். அசையாத புள்ளி திடீரெனப் பெருகும்போது காலம் கடந்திருக்கும்.

இது வெறுங் கணக்கன்று. 2015 ஜூலை 7-ஆம் நாள் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், அண்மையிலிருந்த நிலையத்தினின்று எழுந்த செஸ்னா 150 என்னும் சிறு விமானமும், பயிற்சியில் இருந்த எப்-16 போர்விமானமும் மோதின. போர்விமானி குடையின் உதவியால் உயிர் தப்பினார். செஸ்னாவில் இருந்த இருவரும் மாண்டனர். கண்ணால் கண்டு விலகுதல் என்னும் முறைக்கு இயல்பாகவே உள்ள வரம்பையும், ஆய்ந்தோர் காரணங்களுள் ஒன்றாகக் கூறினர். கண் கைவிடும் இடத்தே முன்னறிவே துணை. அம்முன்னறிவைத் தரையிலே கூடிப் பெறுவதே அறிவுடைமை.

படை விமானியும் தனி விமானியும் இரு வேறு குலத்தாரும் அல்லர். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் அறிவித்த பரிசுக்காக, 1930-இல் ஜே. ஆர். டி. டாட்டா இங்கிருந்தும், பதினேழே வயதினரான ஆஸ்பி எஞ்சினியர் அங்கிருந்தும் புறப்பட்டனர். எகிப்தின் அபூக்கீரில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இன்றித் தவித்திருந்தார். டாட்டா தம்மிடம் இருந்ததைப் போட்டியாளருக்கே ஈந்தார். பரிசு ஆஸ்பியைச் சேர்ந்தது. அத்தனி விமானியே பின்னர் 1960-இல் இந்திய விமானப் படையின் தலைவரானார்.

இனி நம் பகுதியை நோக்குவோம். இங்கே சொந்த விமானம் உடையார் அரியர். ஆனால் டிரோன் உடையார் பலர். திருமணப் படப்பிடிப்பிலும், தோட்டங்களில் மருந்து தெளித்தலிலும் அது புகுந்துவிட்டது. பாகனின்றிச் செல்லும் வான ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் கருத்தாற் கண்டார். நாமோ அதனைக் கையடக்கக் கருவியால் ஏவுகின்றோம். ஏவுவோர் தரையில் நிற்பினும், வானத்தைப் பொறுத்தவரை அவரும் ஒரு விமானியே. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூவகையாய்ப் பகுத்தன. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியும், மஞ்சள் பகுதியில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாரின் அனுமதியும் வேண்டும். 'டிஜிட்டல் ஸ்கை' என்னும் அரசுத் தளத்தின் வரைபடத்தில் இவற்றைக் காணலாம். படைத்தளமும் பயணிகள் விமான நிலையமும் அருகருகே உள்ள நம் வட்டாரத்தில் அவ்வரைபடத்தை நோக்காது டிரோனை எழுப்புதல், விளக்கின்றி இரவில் வண்டி ஓட்டுவதனினும் கொடிது. ஏனெனில் இங்கு இடருறுவது ஓட்டுவோன் அல்லன். தேஜஸ் விமானத்தில் அமர்ந்து வரும் மற்றொரு தாயின் மகனே.

ஆதலின், டிரோன் செலுத்தும் நம் ஊர் இளைஞரைச் சூலூர்த் தளத்தார் ஆண்டுக்கொருமுறையேனும் அழைத்து, தம் வான்வழிகளை விளக்குவாராயின் பெரும் பயன் விளையும். அது நிகழும் வரையில் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு: எழுப்புமுன் வரைபடத்தை நோக்குதல், ஐயமுண்டாயின் எழுப்பாதிருத்தல். வானத்துக்கு வேலி இல்லை. அங்கே அயலாரை அறிந்து ஒழுகுதலே வேலியாகும்.