எக்ஸெல் பாடம்: பின்கட்டு வீட்டுக் கடனை வாடகை அடைக்குமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் எக்ஸெல்லைத் திறந்து பார்த்து, கட்டம் கட்டமாக இருக்கிறதே என்று மூடிவிடுவார்கள். அந்தக் கட்டங்கள் உங்கள் பணத்தைக் காப்பாற்றும் என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

திருச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற அப்பா அங்கே ஒரு சிறு வீடு கட்டி வாடகைக்கு விட நினைத்தார். "பத்து லட்சம் கடன் வாங்கினால் போதும் தம்பி. வாடகையே கடனை அடைத்துவிடும்" என்றார். கடனில் இணை விண்ணப்பதாரராக நானும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அதையே இந்த மாதப் பாடமாகத் தருகிறேன்.

முதலில் எக்ஸெல்லில் புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். செல் பெயர்களையும் ஃபார்முலாக்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்தவும்.

ஏ வரிசையில் தலைப்புகளையும் பி வரிசையில் எண்களையும் இப்படித் தாருங்கள்.

பி1: கடன் தொகை, 1000000
பி2: ஆண்டு வட்டி, 9%
பி3: ஆண்டுகள், 15
பி4: மாதத் தவணை, =பிஎம்டி(பி2/12,பி3*12,-பி1)
பி5: மொத்த வட்டி, =பி4*பி3*12-பி1

பிஎம்டி என்பது தவணைத் தொகையைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷன். தவணை மாதாமாதம் கட்டப்படுவதால் வட்டியை 12 ஆல் வகுக்கிறோம். ஆண்டுகளை 12 ஆல் பெருக்குகிறோம். இந்த இரண்டில் ஒன்றை மறந்தாலும் விடை தாறுமாறாக வரும். கையைவிட்டுப் போகும் பணத்தை எக்ஸெல் மைனஸ் எண்ணாகக் காட்டும். அதைத் தவிர்க்கவே பி1க்கு முன் மைனஸ் குறி போடுகிறோம்.

என்டர் தட்டியதும் பி4இல் 10,142.67 என்று வரும். பி5இல் ஏறத்தாழ 8,25,680 வரும். பத்து லட்சம் கடனுக்கு வட்டி மட்டும் எட்டே கால் லட்சம்!

அடுத்து வாடகைக் கணக்கு. எங்கள் பகுதியில் இப்படி ஒரு வீட்டுக்கு 9,000 ரூபாய் கிடைக்கும் என்றார் அப்பா. ஆனால் ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதமாவது போய்விடும். சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் நம் தலையில்தான்.

பி6: மாத வாடகை, 9000
பி7: வாடகை வரும் மாதங்கள், 11
பி8: ஆண்டுச் செலவு, 9000
பி9: நிகர மாத வாடகை, =(பி6*பி7-பி8)/12
பி10: மீதி, =பி9-பி4

பி9இல் 7,500 வரும். பி10இல் மைனஸ் 2,642.67 வரும். அதாவது மாதாமாதம் 2,643 ரூபாய் அப்பாவின் பென்ஷனிலிருந்து போக வேண்டும். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டுமே 7,500 ரூபாய். வாடகை முழுவதும் வட்டிக்கே சரியாகிவிடும். அசலைக் கட்டுவது நம் சொந்தப் பணம்!

"வருஷத்தைக் கூட்டினால் தவணை குறையுமே?" என்றார் அப்பா. பி3இல் 15ஐ 20 ஆக்கினேன். தவணை 8,997 ஆகக் குறைந்தது. ஆனால் மொத்த வட்டி 11,59,342 ஆக ஏறியது. மாதம் 1,145 ரூபாய் மிச்சம் பிடிக்க மூன்றே கால் லட்சத்துக்கு மேல் கூடுதல் வட்டி! மறுபடியும் 15 என்றே மாற்றிவிட்டோம்.

"வாடகையும் ஏறுமே?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. உண்மைதான். நிகர வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் எட்டாவது ஆண்டில் தவணையைத் தாண்டிவிடும். அதுவரை பள்ளத்தை நிரப்ப வேண்டும். மாறும் வட்டிக் கடனில் வட்டியும் ஏறலாம். பி2இல் 10% என்று போட்டுப் பாருங்கள். தவணை 10,746 ஆகும்.

அப்படியானால் எவ்வளவு கடன் வாங்கலாம்? இதை எக்ஸெல்லிடமே கேட்கலாம். பி2இல் மீண்டும் 9% என்று மாற்றுங்கள். டேட்டா டேபில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்து கோல் சீக்கைத் தேர்ந்தெடுக்கவும். கால்க் என்றால் டூல்ஸ் மெனுவில் இருக்கும். முதல் கட்டத்தில் பி10, இரண்டாவதில் 0, மூன்றாவதில் பி1 என்று தந்து ஓகே செய்யவும். மீதி பூஜ்யமாக வேண்டுமானால் கடன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தேடி, பி1இல் சுமார் 7,39,450 என்று காட்டும்.

மூன்று விஷயங்களை இந்தக் கணக்கு காட்டாது. ஒன்று, வங்கி கட்டுமானக் கடனை மொத்தமாகத் தராது. வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகத் தரும். வீடு முடிந்து ஆள் குடிவரும் வரை வாடகை கிடையாது. வாங்கிய பணத்துக்கு வட்டி மட்டும் ஓடும். அந்த மாதங்களுக்குத் தனியாகப் பணம் வேண்டும். இரண்டு, குடிவருபவர் தரும் அட்வான்ஸ் வருமானம் அல்ல, திருப்பித் தர வேண்டிய பணம். மூன்று, அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வங்கிக்குப் போனால் வீண் அலைச்சல். வரைபடச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

அப்பா சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு, முன்பக்கச் சிட்அவுட்டையும் இரண்டாவது அறையையும் விட்டுவிட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகையும் குறையுமே என்று பி6இலும் புது எண்ணைப் போடச் சொன்னார். வைத்தியச் செலவுக்கு வைத்திருக்கும் டெபாசிட்டைத் தொடக்கூடாது என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன்.

இந்த ஒர்க்ஷீட்டை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்து வையுங்கள். உங்கள் ஊர் வாடகையையும் உங்கள் வங்கி சொல்லும் வட்டியையும் போட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பி10ஐ ஒருமுறை பார்த்துவிடுங்கள்.