பழைய துடுப்புப் படகு: பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்

ஐரோப்பாவில் பழைய துடுப்புப் படகு வாங்குகிறீர்களா? முகப்பில் ‘லொக்கி’ என்று எழுதியிருந்தால் அது கம்பெனிப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபின்னிஷ் மொழியில் கடற்காகம் என்று பொருள்; உரிமையாளர் ஆசையாக வைத்த செல்லப்பெயராகவே இருக்கலாம். ‘வெர்ஃப்ட்’ (ஜெர்மன்), ‘வார்வ்’ (ஸ்வீடிஷ்) என்றால் படகு கட்டும் தளம். அந்தச் சொல் உள்ள தகட்டைத் தேடுங்கள். அதில்தான் கட்டியவர் பெயர் கிடைக்கும்.

அதைவிட உறுதியானது படகின் உடல் அடையாள எண். பின்பலகையின் வெளிப்புறம், வலது மேல்மூலையில் பாருங்கள். முதல் 2 எழுத்து நாடு, அடுத்த 3 தயாரிப்பாளர், பிறகு 5 இடங்களில் வரிசை எண். கடைசி 4 இடங்கள் கட்டிய மாதம், ஆண்டு, மாடல் ஆண்டு. மொத்தம் 14. பெயின்ட் மூடியிருந்தால் சுரண்ட வேண்டாம், எண் சிதைந்துவிடும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள், எழுத்து எழும்பி வரும்.

1998 ஜூனில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த எண் கட்டாயமானது. அதற்கு முந்தைய படகிலும், 2.5 மீட்டருக்குக் குறைந்ததிலும், பந்தயப் படகிலும் எண் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இருந்த எண்ணை யாரோ அரத்தால் தேய்த்த தடம் தெரிந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்தப் படகு வேண்டாம்.