மேலாளரை மாற்றலாமா? – ஒன்பதாம் வகுப்பில் ஒரு சான்றுப் பாடம்

விவாதம் என்றாலே நம் வகுப்புகளில் இரண்டு அணி பிரிப்போம். ஒன்று ஆதரவு, மற்றொன்று எதிர்ப்பு. குரல் உயர்ந்தவர் வெல்வார். நடுவில் ஒரு சான்றைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொள்ளும் மாணவருக்கு அங்கே இடமே இல்லை. மாற்றிக்கொண்டால் தோற்றதாகக் கணக்கு. இதை வேறு விதமாக நடத்திப் பார்க்க, உறையூரில் நான் சமூக அறிவியல் கற்பிக்கும் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளை எடுத்துக்கொண்டேன். கேள்வி இதுதான்: நீண்ட காலம் பொறுப்பில் இருக்கும் ஹாக்கி அணியின் நிர்வாகியை மாற்ற வேண்டுமா?

வட அமெரிக்காவின் பனி ஹாக்கி அணிகளில் ஜெனரல் மேனேஜர் என்றொருவர் இருப்பார். வீரர்களைச் சேர்ப்பதும் பயிற்சியாளரை அமர்த்துவதும் நீக்குவதும் அவர் கையில். நம் நாட்டில் தேசிய அணியைப் பொறுத்தவரை அந்த அதிகாரம் கூட்டமைப்பிடம்தான் இருந்தது. பஞ்சாப் காவல்துறைத் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில், 1994 முதல் 2008 வரை 14 ஆண்டுகள் இந்திய ஹாக்கி கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். அவர் காலத்தையே பாடப்பொருளாக்கினேன். ஆனால் சீட்டுகளில் பெயரை எழுதவில்லை. ‘நிர்வாகி’ என்று மட்டுமே குறிப்பிட்டேன். பெயர் தெரிந்தால் பிள்ளைகள் ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

வகுப்பை நான்கு குழுவாக்கி ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். முதல் சீட்டில் ஒலிம்பிக் இடங்கள்: 1996இல் 8, 2000இல் 7, 2004இல் 7. 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0–2 எனத் தோற்று, 1928க்குப் பிறகு முதல் முறையாக ஒலிம்பிக் வாய்ப்பையே இழந்தது இந்தியா. இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: “தூக்கிடணும் டீச்சர்.”

இரண்டாம் சீட்டும் அதே ஆண்டுகளைப் பற்றியதுதான். 1998 ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம். 2001இல் ஜூனியர் உலகக் கோப்பை. 2003இல் ஆசியக் கோப்பை. 2007இல் நம் சென்னையில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியில் தென்கொரியாவை 7–2 என வென்றது. “கோப்பை வாங்கித் தந்தவரை எதுக்கு அனுப்பணும்?” என்று அந்தக் குழு கேட்டது.

மூன்றாவது குழுவுக்கு அவர் வருவதற்கு முந்தைய காலம். 1976 மாண்ட்ரியலில் முதல் முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தது. இந்தியாவுக்கு 7ஆம் இடம். 1980 மாஸ்கோவில் நம் மாநிலத்து வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம். ஆனால் பல நாடுகள் புறக்கணித்ததால் ஆடியவை 6 அணிகளே. பிறகு 5, 6, 7 என்று இறக்கம். நான்காவது குழுவுக்கு அவர் போன பிறகு நடந்தவை: 2012இல் 12ஆம் இடம், அதாவது கடைசி, 2016இல் 8, டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம்.

பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் இருக்கும்படி குழுக்களைக் கலைத்து அடுக்கினேன். பெஞ்ச் இழுக்கும் சத்தத்தில் பக்கத்து வகுப்பாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதன்பின் சத்தம் தானே குறைந்தது. ஒரே ஆளைப் பற்றி நான்கு தீர்ப்பு இருப்பதை அப்போதுதான் அவர்கள் கண்டார்கள். “இவர் வர்றதுக்கு முன்னாடியே இறங்கிட்டுதான இருந்துச்சு” என்றான் ஒருவன். “மாத்தினதும் 12க்குப் போச்சு. அப்போ மாத்தினது தப்பா? 13 வருஷம் கழிச்சு வந்த மெடல் மாத்தினதாலயா, வேற எதாலயாவதா?” என்றாள் ஒரு மாணவி. முன்பு நடந்தது பின்பு நடந்ததற்குக் காரணமாகிவிடாது என்பதை வரையறையாகச் சொல்லிக் கொடுத்தால் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்காது.

இரண்டாம் பாடவேளையில் அவருடைய கையில் எது இருந்தது என்று பார்த்தோம். 1998 தங்கத்துக்குப் பிறகு பயிற்சியாளர் எம்.கே. கௌசிக்கும், தன்ராஜ் பிள்ளை உள்ளிட்ட முன்னணி வீரர்கள் சிலரும் அணியில் இல்லை. 2002இல் உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் செட்ரிக் டிசோசா நீக்கப்பட்டார். 2004இல் ஏதென்ஸ் போட்டிக்குச் சற்று முன்பு இன்னொரு மாற்றம். தோற்றாலும் பயிற்சியாளர் போகிறார், வென்றாலும் போகிறார். “கோச்சை அவங்க மாத்துறாங்க. மாத்துறவங்களை யாரு மாத்துறது?” இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அணித் தேர்வுக்குப் பணம் பெற்றதாகக் கூட்டமைப்பின் செயலர் மீது ஒரு தொலைக்காட்சி குற்றச்சாட்டை ஒளிபரப்பியது. அவர் விலகினார். 2008 ஏப்ரல் 28 அன்று இந்திய ஒலிம்பிக் சங்கம் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது. மோசமான முடிவுகளுக்காக உறுப்பினர்கள் கணக்குக் கேட்டு நடந்த மாற்றமல்ல அது.

உடனே ஒருத்தி குடவோலைப் பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. வயது 35க்கு மேல், 70க்குள். “எங்க ஊரு சோழர்ல?” என்று வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. உறையூர் சோழரின் பழைய தலைநகரம், உத்திரமேரூர் காஞ்சிபுரம் பக்கம், நடுவில் பல நூற்றாண்டுகள் என்று திருத்த வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நெறிமுறை, கூட்டமைப்புத் தலைவருக்கு அதிகபட்சம் 12 ஆண்டுகள், 70 வயது என்று வரம்பு வைத்ததைக் கரும்பலகையில் பக்கத்திலேயே எழுதினேன். இரண்டு 70களையும் அவர்களே வட்டமிட்டார்கள்.

என் கருத்தையும் கேட்டார்கள். 2008க்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும் என்றேன். 7, 8 என்ற இடங்களுக்காக அல்ல. அந்தச் சரிவு அவருக்கு முன்பே தொடங்கியது. கீழே இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்க, மேலே இருப்பவரிடம் விளக்கம் கேட்க வழியில்லாமல் 14 ஆண்டுகள் ஓடியதே எனக்குப் போதுமான காரணம். நான்கைந்து பேர் இதை ஏற்கவில்லை. 2007 ஆசியக் கோப்பை வரை பொறுத்திருந்தது சரியே என்று எழுதிய ஒரு மாணவனுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன்; எனக்கு எதிரான சான்றுகளை அவன் ஒன்றுவிடாமல் எடுத்தாண்டிருந்தான்.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. குறுவட்டப் போட்டியில் தோற்ற நம் பள்ளி அணியின் பி.இ.டி. சார் மீது பேச்சு திரும்பியது. தடுக்கவில்லை. முதலில் சீட்டு எழுதுங்கள் என்றேன். எத்தனை நாள் மைதானம் கிடைத்தது, எத்தனை மட்டைகள் இருந்தன, தேர்வுக்காக எத்தனை பேர் பயிற்சிக்கு வரவில்லை என்று அவர்களே எண்ணத் தொடங்கினார்கள். சீட்டு முடிவதற்குள் சாரை மாற்றும் பேச்சு மைதானம் கேட்கும் மனுவாகிவிட்டது. தலைமையாசிரியரிடம் அதை அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஹாக்கியை விட்டுவிடலாம். ஐந்தாம் வகுப்பில் வகுப்புத் தலைவரை மாதம் ஒருமுறை மாற்றலாமா என்பதே போதும். இரண்டு சீட்டுகள், ஒரு பாடவேளை. சீட்டில் பெயர் மட்டும் வேண்டாம்.