வீட்டு வெளிமுற்றம்: கட்டுமுன் கவனிக்க வேண்டியவை



கடையிலே துணி அடுக்கும் தட்டுக்கு அரை அங்குலம் பிசகாமல் அளவெடுப்பவர் நம்மவர். கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், அரிசி மூட்டை எங்கே கிடந்தால் ஈரம் தாக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர் தம் சொந்த வீட்டின் முன்னும் பின்னும் கிடக்கும் நிலத்துக்கு மட்டும் அளவு எடுப்பதில்லை. "முழுவதும் சிமெண்டு போட்டுத் தகரம் இறக்கிவிடு" என்று கொத்தனாரிடம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். அப்புறம் அந்த இடம் காருக்கும் காலி அட்டைப் பெட்டிகளுக்கும் சொந்தமாகிவிடுகிறது. பகலெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் பெண்மக்களும் முதியோரும் அஸருக்குப் பின் சற்றுக் காற்றாட உட்கார இடமில்லை. இதற்கு வழி என்ன என்பதே இப்பாடம்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ஊரிலே வீதி பார்த்த திண்ணை ஆண்களுக்கும் வருவோர்க்கும். வானம் பார்த்த உள்முற்றம் குடும்பத்துக்கு. காயல்பட்டினத்தில் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர முடுக்கு என்னும் ஒடுங்கிய சந்துகளையும் தனியே விட்டிருக்கிறார்கள். யார் எங்கே இருப்பார்கள் என்று முதலில் தீர்மானித்தார்கள். சுவர் பிறகுதான் எழுந்தது. மலாய்ச் சகோதரர்களின் பழைய வீட்டிலும் இதே அறிவைக் காணலாம். முன்பக்கத்துச் செரம்பியில் விருந்தினர் அமர்வர். மேலே அகன்ற இறவாரம் வெயிலையும் சாரலையும் தடுக்கும்.

கடைவீதியில் நாம் நடக்கும் அஞ்சடிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1822-இல் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, வீதியின் இருபுறத்துக் கட்டடங்களுக்கும் முன்னால் தொடர்ச்சியான நிழல்நடை இருக்க வேண்டுமென்று ராபிள்ஸ் விதித்தார். அவ்வழக்கம் மலாயாப் பட்டணங்களுக்கும் பரவியது. கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த காலத்தில் அஞ்சடியே நமக்குத் திண்ணை. இன்று அநேகர் தாமான் தொடர்வீடுகளுக்குக் குடிபோய்விட்டோம். திண்ணையை மட்டும் கூடவே கொண்டுபோகவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? யார், எத்தனை பேர், எந்த நேரத்தில் உட்காரப் போகிறார்கள் என்பதை வீட்டாரிடம் கேளுங்கள். குறிப்பாகப் பெண்களிடம் கேளுங்கள். அங்கே அதிக நேரம் இருக்கப் போகிறவர்கள் அவர்களே. கேட்டபின் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு கிழித்து, நாலு நாற்காலி போட்டு, ஒரு வாரம் அந்த நேரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். வெயில் எங்கே விழுகிறது, பக்கத்து மாடி ஜன்னலிலிருந்து பார்வை எங்கே படுகிறது, அடுப்புப் புகை எப்பக்கம் போகிறது என்பதெல்லாம் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 4 பாகையில் இருக்கிறது சுங்காய். மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற நாட்களிலும் நண்பகலில் 28 பாகைக்கு மேல் சாய்வதில்லை. ஆகையால் வடக்கு, தெற்குப் பக்கங்களுக்கு 4 அடி இறவாரம் இருந்தால் பெரும்பாலும் போதும். சங்கடமெல்லாம் மேற்கே. மாலைச் சூரியன் தாழ்ந்து வருவதால், கூரையை எவ்வளவு நீட்டினாலும் அது அடியில் புகுந்துவிடும். அதற்கு நின்று மறைக்கும் மறைப்பே வேண்டும்: மூங்கில் திரை, கொடிப்பந்தல் அல்லது ஒரு மரம். அநேகர் மேற்கு வாசலில் தாழ்வாகத் தகரம் இறக்குகிறார்கள். சூடேறிய தகரம் தலைக்கு மேலே அடுப்புப்போல் தகிக்கும். கூரை 10 அடிக்குக் குறையாமல், வெப்பக் காற்று மேலே வெளியேற இடைவெளியுடன் இருப்பது நலம்.

அடுத்தது மழை. 20 அடிக்கு 20 அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 200 காலனுக்கு மேல், அதாவது 940 லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் இறங்கும். இங்கே ஒரே பிற்பகலில் அதைவிட அதிகம் கொட்டுவதும் உண்டு. பீலி வைக்காமல் தகரத்தை நீட்டினால், அத்தண்ணீர் அண்டை வீட்டார் முற்றத்தில் விழும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை! பீலியும் குழாயும் நம் எல்லைக்குள்ளேயே இறங்கி வடிகாலில் சேரட்டும். தரைக்கு 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் சரிவு வேண்டும். சரிவு வாசற்படியை நோக்காமல் வெளியே நோக்க வேண்டும். ஒரு பகுதியையாவது சிமெண்டு பூசாமல் மண்ணாக விட்டால் நீர் உள்ளே இறங்கும். ஒளுச் செய்யும் குழாயின் தண்ணீரை அங்கே ஒரு வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ விடலாம்.

இலை அடைத்த பீலியும் பூந்தொட்டித் தட்டும் கொசுவுக்கு அருமையான வீடு. டெங்கிக் கொசு தெளிந்த நீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். கொசுப் பெருக விட்டால் 1975-ஆம் வருடச் சட்டப்படி வீட்டுக்காரரே பொறுப்பாளி. ஆதலால் ஏணி வைத்துக் கை எட்டாத இடத்தில் பீலி அமைக்காதீர்கள்.

திண்ணை கட்டுவதாயின் உயரம் 16 முதல் 18 அங்குலம். உட்கார மட்டுமானால் அகலம் ஒன்றரை அடி போதும். முதியவர் ஒருவர் சாய்ந்து படுக்கவும் வேண்டுமானால் இரண்டரை அடி. நடக்க 3 அடி வழி விடுங்கள். பெண்கள் இருக்கும் பக்கத்தில் கெட்டிச் சுவரைவிடத் துவாரக்கல் சுவர் மேல். பார்வை தடைபடும், காற்று தடைபடாது. மருதாணி வேலியும் அதற்கு உதவும். மாமரத்தைத் தொடர்வீட்டில் வைக்க வேண்டாம்; ஐந்து வருடத்தில் வேர் வடிகாலைத் தேடி வரும்.

கடைசியாக ஒன்று. கூரையை நீட்டுவதும் கட்டட வேலையே. 1974-ஆம் வருடச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி முன்னதாகவே வேண்டும். "எதிர்வீட்டுக்காரர் கேட்காமலே கட்டினாரே" என்பது மன்றத்தில் செல்லுபடியாகாது. கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்குமுன் படத்தைக் கொண்டுபோய் மன்றத்தில் விசாரித்து வாருங்கள்.